வெள்ளைப் பூச்சு என்ன செய்கிறது?

உளுந்தூர்பேட்டையில் ஏப்ரல் 21-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வந்து நிற்கும். நாம் பயப்படுவதோ மே மாத அக்னி நட்சத்திரத்துக்கு. சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. சூரியன் எவ்வளவு உச்சியில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்தக் கதிர் வலுக்கும். காற்றடிக்கும் ஆகஸ்ட் மதியத்திலும் அது குறைவதில்லை. தோலுக்கு அது உறைப்பதும் இல்லை.

புற ஊதாக் கதிரில் யு.வி.பி. என்னும் வகை தோலைச் சுடும். யு.வி.ஏ. இன்னும் ஆழமாக இறங்கிக் கறுக்கவைக்கும். வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் அதில் ஒரு பகுதி உள்ளே வந்துவிடும். திருச்சி சாலையில் வண்டி ஓட்டுபவர்களின் வலது கையைப் பார்த்தால் தெரியும்.

இந்தக் கதிர்களைத் தடுக்கும் வெள்ளைப் பூச்சான கனிம சன்ஸ்கிரீனில் வேலை செய்பவை இரண்டு: துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு. டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. இந்த இரண்டு ஆக்சைடுகளும் கண்ணாடிபோலக் கதிரைத் திருப்பி அனுப்புகின்றன என்று டப்பாவிலேயே அச்சிடுகிறார்கள். பெரும்பாலும் தவறு. திரும்புவது சுமார் 5 சதவீதம்தான். மற்றதை அந்தத் துகள்கள் விழுங்கிவிடுகின்றன. ஏறக்குறைய 375 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளமுள்ள கதிர், துத்தநாக ஆக்சைடில் இருக்கும் எலெக்ட்ரானை மேல்மட்டத்துக்குத் தூக்கிவிடும். அது கீழே இறங்கும்போது அந்த ஆற்றல் பெரும்பாலும் சிறு வெப்பமாகக் கரைந்துபோகும். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அவ்வளவு வலு இல்லை. அது விழுங்கப்படாமல் சிதறுகிறது. முகத்தில் திருநீறு பூசியதுபோல் தெரிவது அதனால்தான். ஆக, அந்த வெண்மை பாதுகாப்பின் அடையாளமே அல்ல.

துகளை நானோ அளவுக்குப் பொடித்தால் வெண்மை குறையும். மாநிறத்தவர்களுக்கு நான் சொல்வது, இரும்பு ஆக்சைடு சேர்த்த பழுப்புப் பூச்சு. மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கெடுதல். இரும்பு ஆக்சைடு அதையும் ஓரளவு தடுக்கும்.

வெயில் தடுப்பின் அளவைக் குறிக்கும் எஸ்.பி.எஃப். எண்ணைச் சோதிப்பது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் வேண்டும். பலர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. வியர்வையைத் துண்டால் துடைத்தால் பூச்சும் போய்விடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்.

மல்லாட்டைக் (நிலக்கடலை) கொல்லையில் களையெடுக்கும் பெண்களிடம் இதைச் சொல்ல முடியுமா? சேலைக்கு மேல் அவர்கள் போட்டுக்கொள்ளும் முழுக்கைச் சட்டைதான் அங்கே மலிவான தடுப்பு. நெருக்கமாக நெய்த அடர்நிறச் சட்டையாக இருந்தால் நல்லது. வியர்வையில் நனைந்த மெல்லிய வெள்ளைப் பருத்தி கதிரைக் கூடுதலாகவே உள்ளே விட்டுவிடும்.