கல்மீன்

கல்மீன் என்பது கடலின் அடித்தளத்தில் வாழும் சினான்சியா என்னும் பேரினத்தைச் சேர்ந்த மீன்களின் பொதுப்பெயர் ஆகும். பாசி படிந்த கல்லைப் போலத் தோன்றுவதால் இவை இப்பெயர் பெற்றன. மீன்களுள் மிகக் கடுமையான நஞ்சுடையவையாக இவை கருதப்படுகின்றன. ஆயினும் அந்நஞ்சு தற்காப்புக்கே பயன்படுகிறது. இரை பிடிப்பதற்கு அன்று.

பரவல்

செங்கடல் முதல் பிரெஞ்சு பொலினீசியா வரையுள்ள வெப்பமண்டலக் கடல்களின் ஆழமற்ற பகுதிகளில் இவை வாழ்கின்றன. இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் கடற்பகுதிகளிலும் காணப்படுகின்றன. இப்பேரினத்தில் ஐந்து இனங்கள் உள்ளன. அவற்றுள் சினான்சியா வெருக்கோசா பெரும்பாலும் பவளப்பாறைகளிலும், சினான்சியா ஹாரிடா கழிமுகங்களை ஒட்டிய பகுதிகளிலும் வாழ்கின்றன.

உடலமைப்பு

உடல் செதில்களற்றது, தோல் தடித்து மருக்கள் நிறைந்தது. அதன்மேல் பாசிகள் வளர்வதுண்டு. கண்களும் வாயும் மேல்நோக்கி அமைந்துள்ளன. வெருக்கோசாவின் கண்களுக்கிடையே ஆழ்ந்த பள்ளமும், ஹாரிடாவின் கண்களுக்கிடையே எலும்பு மேடும் காணப்படும். இதனைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறியலாம்.

இரை பிடித்தல்

அகன்ற மார்புத் துடுப்புகளால் மணலை விலக்கி, உடலைப் பாதி புதைத்துக்கொண்டு இவை அசையாமல் கிடக்கும். சிறுமீனோ இறாலோ அருகில் வந்தால், வாயைத் திறந்து நொடியின் சிறு பகுதிக்குள் உறிஞ்சி விழுங்கிவிடும்.

நஞ்சு

முதுகுத் துடுப்பில் பொதுவாக 13 முட்கள் உள்ளன. ஒவ்வொரு முள்ளின் இருபுறமும் நஞ்சுப் பை உண்டு. கல்மீன் தானாக வந்து தாக்குவதில்லை. ஆனால் ஆபத்தை உணர்ந்தாலும் பெரும்பாலும் விலகிச் செல்லாது, முட்களை நிமிர்த்தியபடி அதே இடத்தில் கிடக்கும். கல்லென எண்ணி ஒருவர் மிதிக்கும்போது முள் காலில் தைத்து, அழுத்தத்தால் நஞ்சு உட்செல்கிறது. இதனால் தாங்கவியலாத வலியும் வீக்கமும் உண்டாகும். சிலருக்கு இரத்த அழுத்தம் குறைந்து உயிருக்கு ஆபத்து நேரலாம். நீரிலிருந்து வெளியே எடுக்கப்பட்ட பின்னரும் இம்மீன் பல மணி நேரம் உயிருடன் இருக்கக்கூடும். எனவே கரையில் கிடப்பதையும் கையால் தொடலாகாது.

முதலுதவி

இந்நஞ்சு புரதங்களால் ஆனது. வெப்பத்தால் வீரியம் இழக்கும். ஆதலால், காயம்பட்ட பகுதியைத் தோல் வெந்துவிடாதவாறு, ஏறத்தாழ 45 பாகை செல்சியசு வெந்நீரில் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். எனினும் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதற்கான நச்சுமுறி மருந்து ஆத்திரேலியாவில் 1959 இல் உருவாக்கப்பட்டது. பவளத்திட்டுகளில் நடப்போர் தடித்த அடிப்பகுதி கொண்ட காலணி அணிவது நன்று.