ஆற்றின்மேல் ஒரு வான்வழி

ஆற்றங்கரையில் எழுந்த நகரங்களுக்கு ஆறே வாழ்வும் தடையுமாகும். அத்தடையைக் கடத்தற்கு மாந்தர் முதலில் ஓடத்தையும், பின்னர்ப் பாலத்தையும், அதன்பின் நீரடிச் சுரங்கத்தையும் கண்டனர். இவையன்றி, வானிற் கட்டிய வடத்தைப் பற்றிச் செல்லும் கம்பிவட ஊர்தியும் ஒன்றுண்டு. மலைநாடுகளிற் சிகரங்களைக் காணச் செல்வோருக்குப் பயன்பட்டு வந்த இவ்வூர்தி, நகர மக்களின் அன்றாடப் போக்குவரத்துக்கும் ஏற்றதாகுமோ? இவ்வினாவுக்கு நியூயோர்க் நகரத்து ரூஸ்வெல்ற் தீவின் வரலாறு தக்க விடை தருகின்றது.

மன்ஹற்றனுக்கும் குவீன்சுக்கும் இடையே, ஈஸ்ற் ஆற்றின் நடுவில், ஏறத்தாழ 2 மைல் நீளமாகக் கிடப்பது இத்தீவு. ஆறென வழங்கினும் அது கடல்நீர் ஏறியிறங்கும் நீரிணையே. 1909ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற குவீன்ஸ்பரோப் பாலம் தீவின் தலைக்குமேற் சென்றதேயன்றித் தீவில் இறங்கவில்லை. 1955இல் அமைந்த வேறொரு பாலம் தீவைக் குவீன்சுடன் மட்டுமே இணைத்தது. மன்ஹற்றன் கண்ணுக்கெதிரே தோன்றியும், அங்கு செல்வோர் சுற்றுவழியே செல்ல நேர்ந்தது. 1970களில் தீவிற் புதிய குடியிருப்புக்கள் எழுந்தன. அவற்றுக்கென எண்ணப்பட்ட நிலக்கீழ் மின்வண்டிப் பாதையோ காலந்தாழ்ந்தது. அவ்விடைக்காலத்துக்கென அமைக்கப்பட்டு, 1976ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி ஓடத் தொடங்கியதே இவ்வூர்தி.

இதன் பாதை ஏறத்தாழ 3,100 அடி நீளமுடையது. உச்சியில் 250 அடி உயரத்திற் செல்வது. கோபுரங்கள் மூன்றின்மேல் இறுகக் கட்டப்பட்ட உருக்கு வடங்கள் தண்டவாளம் போல அசையாது நின்று பாரத்தைத் தாங்குகின்றன. அவற்றின்மேற் சில்லுகளால் உருளும் கூண்டை வேறொரு வடம் இழுக்கின்றது. இழுக்கும் பொறி நிலையத்தில் இருத்தலால், கூண்டு அதன் பாரத்தைச் சுமக்க வேண்டுவதில்லை. ஆற்றினுள்ளே தூண் நாட்டவேண்டிய தேவையும் இல்லாதொழிந்தது.

முதலில் இரு கூண்டுகளும் ஒரே இழுவடத்திற் பிணைக்கப்பட்டிருந்தன. துலாவின் ஒருபுறத்துப் பாரம் மறுபுறத்துப் பாரத்தை உயர்த்த உதவுவது போல, இறங்குங் கூண்டு ஏறுங் கூண்டுக்கு உதவிற்று. வலுவைச் சிக்கனஞ்செய்யும் இம்முறையில் ஒரு குறையும் உடனிருந்தது: ஒன்று நிற்பின் மற்றையதும் நிற்கும். 2006ஆம் ஆண்டு ஏப்பிரல் 18ஆம் திகதி மாலை மின்வலு தடைப்பட்டு, இரு கூண்டுகளிலும் இருந்த ஏறத்தாழ 70 பேர் வானிற் சிக்குண்டனர். மீட்புக் கூண்டு அனுப்பி அனைவரையும் இறக்கி முடிக்க நள்ளிரவு கடந்துவிட்டது. உயிர்ச்சேதம் நேரவில்லை; எனினும் அமைப்பின் குறை யாவர்க்கும் புலனாயிற்று.

2010ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சேவை நிறுத்தப்பட்டு, அமைப்பு முழுவதும் புதுக்கப்பெற்று, அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் தொடங்கிற்று. இப்பொழுது ஒவ்வொரு கூண்டும் தனக்கெனப் பொறியும் இழுவடமும் உடையது. ஒன்றைப் பழுதுபார்க்கையில் மற்றையது ஓடும். துலாவின் சிக்கனம் ஓரளவு குறைந்தது, நம்பகம் மிகுந்தது.

இவ்வூர்தியின் எல்லையையும் மறத்தலாகாது. ஒரு கூண்டு 110 பேர் வரையே கொள்ளும். ஒரு மின்வண்டித் தொடரோ பன்மடங்கினரைச் சுமக்கும். கடுங்காற்றும் மின்னலும் வரின் கூண்டு நிற்கவேண்டும். ஆதலின் மக்கள் வெள்ளம் பெருகும் பெருவழிகளுக்கு இது மாற்றாகாது. பாலத்துக்கு இடமின்றியும் சுரங்கத்துக்குப் பொருளின்றியும் இடர்ப்படும் குறுகிய நீர்வழிகளுக்கே இது பெரிதும் பொருந்துவது.

எதிர்பார்த்த நிலக்கீழ் மின்வண்டி 1989இல் தீவை அடைந்தது. இடைக்காலத்துக்கென வந்த ஊர்தி அத்துடன் விடைபெற்றிருத்தல் கூடும்; ஆயினும் அது நீக்கப்படவில்லை. மின்வண்டிக்குரிய கட்டண முறையே இதற்கும் ஏற்கப்படுகின்றது. வேலைக்குச் செல்வோரும் பள்ளிச் சிறாரும் இதில் ஏறுகின்றனர். வேடிக்கைப் பொருளாக நில்லாது, நாடோறும் வேண்டப்படும் வழியாக அது அமைந்தமையே அதன் நிலைபேற்றுக்குக் காரணமாகும்.