கதை விளையாட்டில் மந்திரத்தின் விலை



மேசையொன்றைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் கதையை நடத்துகின்றார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, "நான் கதவைத் திறக்கின்றேன்", "நான் வாளை உருவுகின்றேன்" என வாயாற் சொல்லியே அக்கதையினுள் உலாவுகின்றனர். நினைத்த செயல் கைகூடுமோ கூடாதோ என்பதைப் பகடை தீர்க்கின்றது. காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கிய, 1974ஆம் ஆண்டில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பதே இவ்வகையில் விற்பனைக்கு வந்த முதல் விளையாட்டு எனக் கொள்ளப்படுகின்றது. ஓய்வு நாள்களில் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் இதனை ஆடக் கண்டு, அருகிருந்து விதிநூல்களைப் படித்ததனாலேயே இதைப்பற்றிப் பேசத் துணிகின்றேன்.

இத்தகைய ஆட்டத்தைத் தாமே அமைத்து நடத்தப் புகும் இளைஞர் பெரும்பாலும் இடறி விழுமிடம் மந்திரமே. கோட்டையின் படத்தை வரைவது எளிது. அரக்கனுக்குப் பத்துத் தலை வைப்பதும் எளிது. ஆயின், வாள்வீரன் பத்து முறை வீசிச் சாதிப்பதை மந்திரவாதி ஒரு சொல்லாற் சாதித்துவிடுவானாயின், வாள்வீரனாக ஆடும் நண்பன் மாலை முழுவதும் கைகட்டி இருக்க நேரும். இரண்டொரு கிழமையில் அவன் வருவதையே நிறுத்திவிடுவான். ஆதலின், மந்திரத்தால் என்னென்ன செய்யலாம் எனப் பட்டியல் எழுதுவதற்கு முன்னர், அதனைச் செய்பவன் எதனை இழக்கின்றான் என்று கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

முதல் விளையாட்டு இவ்வினாவுக்குக் கண்ட விடை விந்தையானது. ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளர் 1950இல் வெளியிட்ட 'த டையிங் எர்த்' என்னும் கதைநூலில் வரும் மந்திரவாதிகள், ஒரே வேளையில் விரல்விட்டு எண்ணத்தக்க சில மந்திரங்களையே மனத்தில் இருத்த வல்லவர். மந்திரத்தை ஒருமுறை உச்சரித்ததும் அது நினைவினின்று அழிந்துவிடும். மீளவும் ஏட்டைப் பார்த்துப் படித்தல் வேண்டும். கைகாக்ஸ் இதனையே தம் ஆட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். பாரதங் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாததன்று. இந்திரன் கொடுத்த வேல் கர்ணனுக்கு ஒருமுறைக்கே பயன்படும். அருச்சுனனுக்கென்று காத்து வைத்திருந்த அதனைக் கடோற்கசன்மேல் ஏவ வேண்டிய நெருக்கடி வந்தபோது கர்ணன் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். இம்முறையின் சுவை முழுவதும் அந்தத் தயக்கத்திலேயே உளது. இப்போது செலவிடுவதா, இன்னும் பொறுப்பதா என்று மந்திரவாதி தவிக்குந்தோறும் வாள்வீரனுக்கு வேலை பிறக்கின்றது.

குறையும் உண்டு. 1974இன் விதிப்படி புதிதாகத் தொடங்கும் மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரேயொரு மந்திரம். அதனைச் சொல்லி முடித்தபின் அவன் பிறர் முதுகின்பின் ஒளிய வேண்டியதே. அவனே பல நிலை உயர்ந்தபின், மற்றையோரை நிழலாக்கிவிடுகின்றான். இதனைச் சீர்செய்ய எண்ணி 2008ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பில், வீரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே சட்டத்தில் ஆற்றல்களை வகுத்தனர்: எந்நேரமும் செய்யத்தக்கவை, ஒரு போருக்கு ஒருமுறை செய்யத்தக்கவை, நாளுக்கு ஒருமுறை செய்யத்தக்கவை என. நீதி கிடைத்தது, ஆனால் மந்திரம் மந்திரமாகத் தோன்றவில்லை என்பது என் கருத்து. 2014ஆம் ஆண்டின் பதிப்போ, சிறு மந்திரங்களை வேண்டியமட்டும் சொல்லவிட்டு, பெரியவற்றுக்கு மாத்திரம் எண்ணிக்கை வைத்தது. புதியவருக்கு இது நல்ல நடுவழி.

எண்ணிக்கையன்றி வேறு விலைகளும் உள. 1981இல் சாண்டி பீற்றர்சன் ஆக்கிய 'கோல் ஒவ் குதுலு' என்ற அச்ச விளையாட்டிலே, மந்திரம் கேட்கும் விலை சித்தத் தெளிவு. பாத்திரத்தின் தெளிவுக்கு ஓர் எண் உண்டு. தீய நூலைப் படித்தாற் குறையும், மந்திரத்தைச் சொன்னாற் பின்னும் குறையும். எண் பூச்சியமாகுமாயின் அப்பாத்திரம் ஆடுபவரின் கையைவிட்டே போய்விடும். அங்கு எவரும் விளையாட்டாக மந்திரம் சொல்வதில்லை. பேய்க்கதை நடத்த விரும்புவோர், மலிவான மந்திரத்தை உள்ளே விட்டால் அச்சம் வெளியே போய்விடும் என்பதை நினைவிற் கொள்க.

மொழி கற்பிப்பவன் என்ற முறையில் என் மனத்தைக் கவர்ந்தது, 1987இல் ஜொனதன் ட்வீட், மார்க் ரைன்ஹேகன் என்போர் இயற்றிய 'ஆர்ஸ் மாஜிக்கா'. அங்கு மந்திரம் ஓர் இலக்கணம். படைத்தல், அறிதல், மாற்றுதல், அழித்தல், ஆளுதல் என்ற ஐந்து வினைகளும், நீர், தீ, காற்று, மண், விலங்கு, மரஞ்செடி, மனித உடல், மனம், தோற்றம், மந்திர ஆற்றல் என்ற பத்துப் பெயர்களும் இலத்தீனில் வகுக்கப்பட்டுள. ஒரு வினையையும் ஒரு பெயரையும் புணர்த்தினால் ஒரு வித்தை. 'கிரேயோ இக்னெம்' என்றால் தீயைப் படைத்தல். 'பேர்டோ இக்னெம்' என்றால் அதனை அணைத்தல். ஐம்பது புணர்ச்சிகளுக்குள் ஆட்டக்காரர் தம் தேவைக்கேற்ற மந்திரத்தை அங்கேயே ஆக்கிக்கொள்ளலாம். சொல்வளமுடைய பிள்ளைக்கு இது விருந்து. கூச்சமுள்ள பிள்ளைக்கோ, எல்லாரும் காத்திருக்க வினாத்தாள் முன் அமர்ந்தாற்போல இருக்கும்.

இவ்விளையாட்டு மந்திரவாதியைத் தாழ்த்தவும் முயலவில்லை. அவன் ஏனையோரினும் வலியவன் என வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் மந்திரவாதியொருவனையும் சாதாரணத் தோழனொருவனையும் தருகின்றது; காவலரும் ஏவலரும் எல்லார்க்கும் பொது. இன்று ஒருவர் மந்திரவாதியாகச் செல்ல, மற்றையோர் தோழராகவும் காவலராகவும் உடன் செல்வர். அடுத்த கதையில் முறை மாறும். அதிகாரத்தைக் குறைக்காது சுற்றிவரச் செய்யும் இவ்வழி எனக்கு மிகவும் பிடித்தது.

1978இல் வந்த 'றூன் குவெஸ்ட்' இன்னொரு திசையிற் சென்றது. அங்கே போர்வீரனுக்கும் சிறு மந்திரங்கள் தெரியும். ஆதலின் பொறாமைக்கு இடங் குறைவு.

விலையைத் தீர்மானித்தபின்னும் ஒன்று எஞ்சும். சில மந்திரங்கள் அளவிற் சிறியனவாயினும் கதையின் வேரையே அறுத்துவிடும். கொலையாளி யாரென்று தேடும் கதையை நீங்கள் பல நாள் முயன்று அமைத்திருப்பீர்கள். கூட்டத்திலுள்ள பூசகர், இறந்தவனோடு பேசும் மந்திரத்தை அறிந்தவராயின், பிணத்திடமே ஐந்து கேள்வி கேட்கலாம் என 2014ஆம் ஆண்டின் விதி இடங்கொடுக்கின்றது. அவ்வாறே, 500 பொற்காசு பெறுமதியுள்ள வைரமொன்றைச் செலவிட்டால் அண்மையில் இறந்தவரை எழுப்பவும் வழியுண்டு. அப்படியாயின் அரசனைக் கொல்லச் சதி செய்பவன், அரண்மனையிலுள்ள வைரங்களை முதலிற் களவாடமாட்டானா? இதனை முன்கூட்டியே சிந்தித்தவர்க்கு நல்லதொரு கதை கிடைக்கும். சிந்தியாதவர், ஆட்டத்தின் நடுவே "இம்மந்திரம் இன்று பலிக்காது" என்று சொல்லித் தப்ப நேரிடும். பிள்ளைகள் அதனை மன்னிப்பதில்லை.

ஆகவே, இவ்வகை மந்திரங்களை ஆட்டந் தொடங்குமுன்னரே எடுத்து வெளியில் வைத்து, இவை நம் கதையில் உண்டா இல்லையா என எல்லார் முன்னிலையிலும் பேசி முடிவுசெய்க. விதியைப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று மாலை ஆடிப் பார்த்தபின் திருத்தலாம். திருத்துமுன் கருத்துக் கேட்பதாயின், வாள்வீரனாக ஆடியவரிடம் முதலிற் கேளுங்கள்; மந்திரவாதியாக ஆடியவர் எப்படியும் நன்றாயிருந்தது என்றே சொல்வார்.