பத்து விரல் வேலை - ஐந்து பேர் மூச்சு!

வியன்னா நகரம். 1828-ம் ஆண்டு, நவம்பர் மாதம். அண்ணன் வீட்டில் நோயாளியாகப் படுத்திருந்தார் ஓர் இளைஞர். அச்சகத்திலிருந்து வந்த தாள்களைப் படுக்கையில் இருந்தபடியே திருத்தினார். எல்லாம் அவர் இசையமைத்த பாட்டுகள். 19-ந் தேதி அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 31.

அவர்தான் பிரான்ஸ் ஷூபர்ட். அந்தப் பாட்டுக் கோவையின் பெயர் "குளிர்காலப் பயணம்".

மொத்தம் 24 பாட்டுகள். எழுதியவர் ஜெர்மன் கவிஞர் வில்ஹெல்ம் முல்லர். காதலில் தோற்ற ஒருவன் பனிக்கால இரவில் ஊரைவிட்டுப் புறப்படுகிறான். வழி நெடுக அவன் மனம் படும் பாடுதான் கதை. ஷூபர்ட் முதலில் பாடிக் காட்டியபோது நண்பர்கள் திகைத்துப் போனார்கள். அவ்வளவு சோகம்! ஒரே ஒரு பாட்டுத்தான் பிடித்தது என்றார் ஒரு நண்பர். ஆனால் தமக்கு மற்ற எல்லாப் பாட்டுகளையும்விட இவையே பிடித்தவை என்றார் ஷூபர்ட்.

பியானோவை எடுத்துவிட்டால்?

இந்தப் பாட்டுகளுக்கு ஒரு பாடகர், ஒரு பியானோ போதும். பியானோவை எடுத்துவிட்டு, அதன் வேலையைக் குழல்களிடம் கொடுத்தால் என்ன ஆகும்?

கனடா நாட்டு ஓபோ வித்வான் நார்மண்ட் ஃபோர்ஜே அதைச் செய்து பார்த்தார். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பாசூன் ஆகிய ஐந்துடன் அக்கார்டியனையும் சேர்த்தார். ஜெர்மன் பாடகர் கிறிஸ்டோப் ப்ரேகார்டியன் பாடினார். 2008-ம் ஆண்டு அது இசைத்தட்டாக வெளிவந்தது.

இப்படி மாற்றி எழுதுவது எளிதல்ல. பியானோவில் பத்து விரல்கள் ஒரே சமயத்தில் பல ஸ்வரங்களை எழுப்பும். குழலிலோ ஓர் ஆளுக்கு ஒரு ஸ்வரம்தான். எதை வைப்பது, எதை விடுவது?

பியானோவில் கட்டையை அழுத்தினால் சுத்தியல் கம்பியில் அடிக்கும். ஒலி எழுந்து, தானாகத் தேயும். குழலில் ஊதும்வரை ஒலி நிற்கும். மூச்சு தீர்ந்தால் அறுந்து போகும். ஆகவே வாசிப்பவர் எங்கே மூச்சு வாங்குவார் என்பதையும் எழுதுகிறவர் யோசிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஹார்ன் வாசிப்பவர் தாளில் உள்ள "ஸ"வை ஊதினால், காதில் கேட்பது கீழ் "ம"! சாதாரணக் கிளாரினெட்டில் அதே "ஸ", கீழ் "நி"யாக ஒலிக்கும். அதற்குத் தக்கபடி ஒவ்வொருவர் தாளையும் தனித்தனியே எழுத வேண்டும்.

கொம்பும் ஒத்தும்

"தபால்" என்று ஒரு பாட்டு. தபால் வண்டியின் கொம்பு ஊதுகிறது. தனக்குக் கடிதம் இல்லை என்று தெரிந்தும் அவன் நெஞ்சு துள்ளுகிறது. கொம்பின் ஓசையைப் பியானோ பாவனைதான் செய்யும். ஹார்னோ கொம்பு இனத்தையே சேர்ந்தது! ஆனால் சற்றுப் பலமாக ஊதினால் பாடகர் குரல் அமுங்கிவிடும்.

கடைசிப் பாட்டில் ஒரு கிழவன் வருகிறான். பனியில் வெறுங்காலுடன் நின்று, சக்கரம் சுற்றி வாசிக்கும் ஒரு வாத்தியத்தை இசைக்கிறான். அவன் தட்டில் ஒரு காசுகூட இல்லை. நாயனத்துக்கு ஒத்து ஊதுவதுபோல, பாட்டு முழுதும் பியானோவின் இடது கை இரண்டே ஸ்வரங்களைத் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது.

அங்கே அலங்காரம் சேர்க்க யாருக்கும் ஆசை வரும். சேர்த்தால் கிழவனின் ஏழ்மை போய்விடும். பாட்டும் போய்விடும். மாற்றி எழுதுகிறவருக்கு அதுதான் பரீட்சை. எந்த இடத்தில் கையைக் கட்டிக்கொள்வது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்!