காசநோய் பரவும் வழியும் தடுக்கும் முறையும்

தொற்று நோய்கள் அனைத்தும் ஒரே வழியில் பரவுவதில்லை. காலரா, டைபாய்டு ஆகியவற்றின் கிருமிகள் மாசுற்ற நீரின் மூலமும் உணவின் மூலமும் உடலினுள் புகுகின்றன. மலேரியாவைக் கொசு பரப்புகிறது. காசநோயோ பெரும்பாலும் காற்றின் வழியாகவே ஒருவரிடமிருந்து மற்றவரைச் சென்றடைகிறது. பரவும் வழியை அறியாத இடத்தில் வீண் அச்சம் மிகுகிறது. உரிய எச்சரிக்கை குறைகிறது.

இந்நோய்க்குக் காரணமான கிருமியை ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக் 1882-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். நுரையீரல் காசநோயாளி இருமும்போதும், தும்மும்போதும், பேசும்போதும் நுண்ணிய துளிகள் வெளிப்படுகின்றன. பெரிய துளிகள் விரைவில் தரையில் வீழ்ந்துவிடுகின்றன. மிகச் சிறியவை உலர்ந்து, கிருமிகளைத் தாங்கியவாறு பல மணி நேரம் காற்றில் மிதக்கின்றன. சுவாசிப்பவரின் நுரையீரலை அடைகின்றன. எனவே, காற்றோட்டமற்ற, நெரிசல் மிகுந்த இருப்பிடங்களில் இந்நோய் எளிதில் பரவுகிறது. கைகுலுக்குவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, ஆடைகளைத் தொடுவதாலோ இது பரவுவதில்லை.

கிருமி புகுந்த அனைவரும் நோயாளிகள் ஆவதில்லை. அவ்வாறு தொற்றுக்குள்ளானோரில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் நோய் தோன்றுகிறது. ஊட்டக்குறைவு, நீரிழிவு, எச்.ஐ.வி. தொற்று, புகைப்பழக்கம் ஆகியன இந்த அபாயத்தை மிகுவிக்கின்றன.

நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துச் சானடோரியத்தில் வைப்பதே சிறந்தது என்று முற்காலத்தில் கருதப்பட்டது. இக்கருத்தைச் சோதித்தறியும் பொருட்டு 1956-ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளில் ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மற்றொரு பிரிவினர் தத்தம் வீட்டிலும் ஓராண்டு மருந்து பெற்றனர். வீட்டிலிருந்தோரில் பலர் வறியவர், நெரிசலில் வாழ்ந்தவர். எனினும் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தினருக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பதும் தெளிவாயிற்று. இம்முடிவுகள் 1959-இல் வெளியாயின.

இதற்குக் காரணம் எளிதே. நோய் கண்டறியப்படுவதற்கு முன்னரே குடும்பத்தினர் அதே காற்றைச் சுவாசித்திருப்பர். தக்க மருந்து தொடங்கியதும் நோயைப் பரப்பும் ஆற்றல் விரைந்து குறைகிறது. ஆதலின் அஞ்சத்தக்கவர் மருந்துண்ணும் நோயாளி அல்லர். கண்டறியப்படாத நோயாளியே ஆவார்.

சென்னை ஆய்வின் அடிப்படையில், வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் முறை 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டத்தில் இடம் பெற்றது. இன்று அரசு மருத்துவ நிலையங்களில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நோயாளியின் உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. இத்தொகை 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இரு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலை அலட்சியம் செய்யாது பரிசோதித்துக் கொள்ளுதல், மருந்தை இடையில் நிறுத்தாதிருத்தல், சன்னல்களைத் திறந்து வைத்தல் ஆகிய மூன்றும் ஒவ்வொருவராலும் இயல்வனவே. நோயாளியை ஒதுக்கினால் அவர் நோயை மறைப்பார். மறைக்கப்பட்ட நோயே பரவும். அவரை அரவணைத்துச் சிகிச்சைக்கு அனுப்புவது மனித நேயம் மட்டுமன்று, சிறந்த தடுப்பு முறையும் ஆகும்.