கடைக் கணக்குப் பெட்டி திறக்க மறுத்தால்...

கந்தப்பளை, இராகலை, நுவரெலியாப் பக்கத்துக் கடைகள் பலவற்றில் கடன் கொப்பி இருந்த இடத்தை இப்போது கணனி பிடித்துக்கொண்டது. வசதியுள்ளவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கல்லா, களஞ்சியம், வீடு என்று எங்கிருந்தும் ஒரே கணக்கைப் பார்ப்பதற்காக ஒரு சேமிப்புப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறார்கள். 'நாஸ்' என்பார்கள். உள்ளே ஒன்றோ இரண்டோ வன்தட்டு, ரவுட்டருக்கு ஒரு வயர், அவ்வளவுதான். ஓடும் வரைக்கும் அது இருப்பதே ஞாபகத்தில் இராது. ஒரு நாள் திறக்காவிட்டால்தான், தோட்டத்துக் கடன் முதல் லொறிக் கூலி வரைக்கும் அதற்குள் கிடப்பது உறைக்கும்.

கந்தப்பளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவருக்கு அப்படியொரு நாள் வந்தது. இரவில் மின்சாரம் போய் வந்திருக்கிறது. கரட்டும் லீக்ஸும் ஏற்றிய லொறி தம்புள்ளைக்குப் புறப்பட நிற்கிறது. விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி விபரம் பெட்டிக்குள். "நானா, பெட்டி செத்துப் போச்சு" என்று போன் செய்தார். நான் போய்ச் சேரும்போது, உதவிக்கு வந்த பையன் வன்தட்டைக் கழற்றித் தன் மடிக்கணனியில் பொருத்தியிருந்தான். 'ஃபோமட் செய்தால்தான் பாவிக்கலாம், செய்யவா?' என்று திரையில் கேள்வி. "தம்பி, கையை எடுங்க" என்றேன்.

இந்த இடத்தை வாசகர்கள் நன்றாக மனதில் வைக்க வேண்டும். இந்தப் பெட்டிகளில் அநேகமானவை லினக்ஸ் முறையில் எழுதுகின்றன. அந்த எழுத்தை விண்டோஸ் வாசிக்காது. தனக்குப் புரியாத தட்டைக் கண்டால் அது வெறும் தட்டு என்று நினைத்து, ஃபோமட் செய்யவா என்று கேட்கும். தட்டில் கோளாறு என்று அதற்கு அர்த்தமில்லை. 'ஆம்' என்று அழுத்தினால்தான் கோளாறு ஆரம்பமாகும். பிறகு கணக்கை மீட்பதற்குக் கொழும்புக்குத் தட்டை அனுப்பி, கேட்ட காசைக் கொடுக்க வேண்டும். அப்படியும் முழுவதும் வரும் என்று சொல்ல முடியாது.

நண்பரின் பெட்டிக்கு நடந்தது மிகச் சின்ன விஷயம். வீட்டுக்கு இலக்கம் இருப்பது போல வலையமைப்பில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் ஐபி இலக்கம் உண்டு. அதை ரவுட்டர்தான் பங்கிட்டுக் கொடுக்கிறது. மின்சாரம் போய் வந்ததும், மலிவான ரவுட்டர்கள் பல யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதை மறந்துவிடும். 192.168.1.20 என்றிருந்த பெட்டிக்கு 34 கிடைத்திருக்கிறது. கணனிகளோ 20இன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், இந்தப் பெட்டிக்கு எப்போதும் இந்த இலக்கம்தான் என்று ஒதுக்கிவிட்டோம். பத்து நிமிட வேலை.

ஆகவே பெட்டியைக் கழற்றுவதற்கு முன் வயரிலிருந்து தொடங்குங்கள். பின்னால் வயர் செருகும் இடத்தில் சிறு வெளிச்சம் மின்னுகிறதா? நம் பக்கத்து ஈரத்துக்குச் செருகியின் முனை பச்சை பிடித்துவிடுவதுண்டு. வேறு வயரை மாற்றிப் பாருங்கள். அடுத்து கணனியின் இலக்கத்தைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால் கணனிக்கு ரவுட்டரிடமிருந்து இலக்கமே வரவில்லை. பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. இலக்கம் சரி, பெட்டியும் பட்டியலில் இல்லை என்றால், மேலே முகவரி எழுதும் இடத்தில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு, பெட்டியின் இலக்கத்தை நேரடியாக அடியுங்கள். பட்டியலில் தெரியாத பெட்டி பல நேரம் இப்படித் திறந்துவிடும். திறக்காமல் கடவுச்சொல் பிழை என்று சொன்னால், விண்டோஸ் பழைய கடவுச்சொல்லைச் சேமித்து வைத்து அதையே திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அதை அழித்துவிட்டுப் புதிதாகக் கொடுங்கள்.

மின்சாரம் திடீரெனப் போன பிறகு பெட்டி தன் தட்டுகளைத் தானே சோதிக்கத் தொடங்கினால் சில மணி நேரம் எடுக்கலாம். பொறுமையில்லாமல் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்காதீர்கள். 2022 மின்வெட்டுக் காலத்துக்குப் பிறகும் யூபிஎஸ் இல்லாமல் இந்தப் பெட்டியை வைத்திருப்பவர்களை என்ன சொல்வது!

இன்னொரு வகைச் சிக்கல் புதுக் கணனியால் வருவது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்தது. புதிதாக வாங்கும் விண்டோஸ் 11 கணனி பழைய பெட்டியோடு பேச மறுக்கும். காரணம் இருக்கிறது. 2017 மே 12ஆம் திகதி 'வன்னாக்ரை' என்ற கப்பம் கேட்கும் வைரஸ் நூற்றைம்பது நாடுகள் வரை பரவி, இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளையும் முடக்கியது. அது நுழைந்த வழி, கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி முறையின் முதலாம் பதிப்பு. அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸிலிருந்து அந்தப் பழைய பதிப்பு தானாக நிறுவப்படுவதில்லை. 2024இல் வந்த 24எச்2 பதிப்போ கடவுச்சொல் இல்லாமல் விருந்தாளியாகப் பெட்டிக்குள் நுழைவதையும் தடுக்கிறது. சிலர் வந்து பழைய பதிப்பைத் திரும்ப இயக்கித் தருவார்கள். பெட்டி உடனே திறக்கும். வன்னாக்ரை வந்த கதவும் சேர்ந்து திறக்கும். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, எஸ்எம்பி 2 அல்லது 3க்கு மாற்றி, ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் வையுங்கள். புதுப்பிப்பே வராத கிழட்டுப் பெட்டி என்றால், கணக்கை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு அதை ஓய்வு பெறச் செய்யுங்கள்.

கொழும்பிலிருந்து மகன் கணக்குப் பார்க்க வேண்டும் என்று பெட்டியை நேரே இணையத்துக்குத் திறந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். 2021 ஜூனில் 'மை புக் லைவ்' என்ற வகைப் பெட்டிகள் உலகெங்கும் வெளியிலிருந்தே அழிக்கப்பட்டன. அவற்றுக்கு 2015க்குப் பிறகு புதுப்பிப்பு வரவில்லை.

பெட்டிக்குள் இரண்டு தட்டு இருக்கிறது, ஒன்று போனால் மற்றது காப்பாற்றும் என்பார்கள். தட்டு பழுதானால் காப்பாற்றும். வைரஸ் வந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பூட்டப்படும். நமது அரசாங்கத்தின் மேகக் கணினியிலேயே 2023 ஓகஸ்டில் அது நடந்தது. சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. பிரதியும் அதே இணைப்பில் இருந்தபடியால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் போய்விட்டன.

வெளி வன்தட்டுகள் இரண்டு வாங்குங்கள். வாரம் ஒன்றாகப் பிரதி எடுத்து, எடுத்ததும் கழற்றிவிடுங்கள். ஒன்று கடை லாச்சியில் இருக்கட்டும், மற்றது வேறு ஊரில். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மழையோடு நம் மாவட்டத்தில் மலை சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு ஏன் வேறு ஊர் என்று விளக்கத் தேவையில்லை. மாதம் ஒரு முறை அந்தப் பிரதியிலிருந்து ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து, போன கிழமைக் கணக்கு அதில் இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.