ரவுட்டர் அப்டேட்: முதலில் பேக்கப், பிறகு பர்ம்வேர்

கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் எப்படியோ, வீட்டில் இன்டர்நெட்டைப் பகிர்ந்து தரும் ரவுட்டருக்கு பர்ம்வேர் அப்படி. ரவுட்டரின் பிளாஷ் மெமரியில் பதிந்துள்ள இந்த சாப்ட்வேரில் குறைகள் தெரியவரும்போது, தயாரிப்பு நிறுவனம் திருத்திய பதிப்பை வெளியிடும். அதை ஏற்றுவதுதான் பர்ம்வேர் அப்டேட்.

"நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு அப்டேட்?" என்று நீங்கள் கேட்கலாம். விபிஎன்பில்டர் என்ற மால்வேர் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் சாதனங்களில் புகுந்திருந்தது 2018 மே மாதம் வெளியானது. அவற்றில் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த ரவுட்டர்கள். எனவே அப்டேட் அவசியம். ஆனால் அதற்கு முன் செட்டிங்ஸைச் சேமிப்பது அதைவிட அவசியம்.

எது போனால் சிக்கல்?

அப்டேட் முடிந்ததும் சில ரவுட்டர்கள் புதிதாக வாங்கிய நிலைக்கே திரும்பிவிடும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் போனால் கவலையில்லை, புதிதாக அமைத்துக்கொள்ளலாம். உங்கள் இணைப்பு பிபிபிஓஇ முறையில் இயங்கினால், அதற்கான யூசர்நேமும் பாஸ்வேர்டும் போய்விட்டால் இன்டர்நெட்டே வராது. இணைப்பு தந்த அன்று டெக்னீஷியன் டைப் செய்துவிட்டுப் போயிருப்பார். செட்டிங்ஸ் பக்கத்தில் தேடினாலும் பாஸ்வேர்ட் பெரும்பாலும் புள்ளிகளாகத்தான் தெரியும்.

பேக்கப் எடுக்கும் முறை

1. கம்ப்யூட்டரை ரவுட்டருடன் நெட்வொர்க் கேபிளால் இணையுங்கள். வைஃபை வேண்டாம், அப்டேட்டின் நடுவே அது துண்டிக்கப்படலாம்.

2. பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை டைப் செய்யுங்கள். 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பது வழக்கம். சரியான முகவரி ரவுட்டரின் அடியில் உள்ள லேபிளில் இருக்கும்.

3. லாக்-இன் செய்து பேக்கப் வசதியைத் தேடுங்கள். டிபி-லிங்க் நிறுவனத்தின் பழைய மாடல்கள் பலவற்றில் 'சிஸ்டம் டூல்ஸ்' மெனுவில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர்' என்று இருக்கும். மற்ற நிறுவனங்களில் பெயர் சற்று மாறலாம்.

4. 'பேக்கப்' பட்டனை கிளிக் செய்தால் ஒரு சிறிய பைல் டவுன்லோட் ஆகும். அதன் பெயரில் தேதியையும் பழைய பர்ம்வேர் பதிப்பு எண்ணையும் சேர்த்து, பென் டிரைவிலும் ஒரு காப்பி வையுங்கள்.

காகிதமும் தேவை

பைல் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பழைய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் புதிய பர்ம்வேர் ஏற்க மறுக்கலாம். ஏற்றாலும் ரவுட்டர் தாறுமாறாக இயங்கலாம். எனவே இணைப்பு வகை, பிபிபிஓஇ யூசர்நேம், டிஎன்எஸ் எண்கள், வைஃபை பெயர், பாஸ்வேர்ட் ஆகியவற்றை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பிபிபிஓஇ பாஸ்வேர்ட் தெரியாவிட்டால், இணைப்பு வேலை செய்யும்போதே இன்டர்நெட் நிறுவனத்துக்கு போன் செய்து கேட்டு வாங்கிவிடுங்கள். செட்டிங்ஸ் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதும் நல்லது.

அப்டேட் செய்யும்போது

பர்ம்வேரை தயாரிப்பு நிறுவனத்தின் வெப்சைட்டிலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். மாடல் எண்ணுடன் லேபிளில் உள்ள வி1, வி2 போன்ற ஹார்டுவேர் வெர்ஷனும் பொருந்த வேண்டும். ஜிப் பைலாக இருந்தால் முதலில் விரித்துக்கொள்ளுங்கள். பாதியில் மின்சாரம் போனால் ரவுட்டர் இயங்காமலே போகலாம்; யுபிஎஸ் இருந்தால் அதில் இணையுங்கள். தானாக ரீஸ்டார்ட் ஆகும் வரை எதையும் தொடாதீர்கள்.

முடிந்ததும் செட்டிங்ஸ் அப்படியே இருந்தால் வேலை முடிந்தது. அழிந்திருந்தால் 'ரீஸ்டோர்' மூலம் பேக்கப் பைலை ஏற்றுங்கள். அதன் பிறகு கோளாறு தெரிந்தால், ரீசெட் செய்துவிட்டு காகிதத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக டைப் செய்யுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

பேக்கப் பைலுக்குள் உங்கள் பாஸ்வேர்டுகள் எல்லாம் இருக்கின்றன. பல ரவுட்டர்களின் பைல்களைத் திறந்து அவற்றைப் படித்துக்காட்டும் இலவச சாப்ட்வேர்களும் உண்டு. அதனால் அதை இமெயிலில் அனுப்பாதீர்கள். பிறர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் விட்டுவைக்காதீர்கள்.

ரவுட்டர் இன்டர்நெட் நிறுவனம் கொடுத்ததா? அப்படியானால் அப்டேட்டை அவர்களே தொலைவிலிருந்து செய்வதுண்டு. அவர்களைக் கேட்காமல் நீங்களாக பர்ம்வேர் ஏற்ற வேண்டாம். ஆனால் அந்தக் காகிதத்தை மட்டும் இன்றே எழுதி வையுங்கள்.